சவரக்கடைப் பெட்டியோட சிவப்புக் கோடு

தேனடைச் சட்டத்த திரும்பப் பெட்டிக்குள்ள தள்ளவே முடியல. ஸார்யாவோட விரலெல்லாம் மரத்துப்போயிருந்துச்சு. வெளிய மைனஸ் ஒம்போது, பெட்டிங்கள அடுக்கி வச்சிருக்கிற மரக் கொட்டகை, அந்தத் தேனீ வீட்டுக்குள்ளயும் கிட்டத்தட்ட அதேதான். கையில புடிச்சிருந்த தேனடையில இருந்து தேனீங்க பறக்கத் தெம்பில்லாம, ஒண்ணொண்ணா பலகைத் தரையில விழுந்துச்சு. பெட்டியோட பின்கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. ஜனவரி மாசத்துல அந்தப் பள்ளத்தாக்குல எந்தக் கிறுக்கனும் செய்யாத வேல அது.

"போங்கடி, உள்ள போங்கடி, ப்ளீஸ்"னு கெஞ்சிக்கிட்டே அமுக்குனா. ஏதோ நசுங்குற சத்தம் கேட்டுச்சு. கேக்காத மாதிரி கதவச் சாத்தினா.

அப்புறம் முட்டி போட்டு, கீழ விழுந்ததுகள உள்ளங்கையில பொறுக்கி எடுத்து வாயால ஊதுனா. மூச்சு ஆவியாப் போச்சு. ரெண்டு மூணு, தூக்கத்துல இருக்கிற கொழந்த மாதிரி, கால அசைச்சுச்சு. மத்ததெல்லாம் சும்மா கெடந்துச்சு.

அது வில்மா சித்தியோட பெட்டி. முன்பலகையில, வேட்டைக்காரனுக்கு நரி சவரம் பண்ற மாதிரி சித்தியே வரைஞ்சிருக்காங்க. அதனால வீட்ல எல்லாருக்கும் அது சவரக்கடைப் பெட்டி. இலையுதிர் காலத்துல தேனீங்க மேல ஒட்டுற பேன் விழுந்து மத்த அஞ்சு பெட்டியும் காலி. இது ஒண்ணுதான் மிச்சம். சித்தி இடுப்பு ஆபரேஷனுக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஸார்யாவப் பாத்து சொன்னது ஒண்ணே ஒண்ணு: "என்ன ஆனாலும் தொறக்காத. தெனம் எனக்குக் கோடு மட்டும் அனுப்பு."

கோடுன்னா, ஸார்யா பண்ணின ஏற்பாடு. பெட்டிக்குள்ள நடுச் சட்டத்துல ஒரு சென்சார், வெளிய இன்னொண்ணு. பழைய பிஸ்கட் டப்பாவுக்குள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அது வெப்பத்தக் குறிச்சு வீட்டுக்கு அனுப்பும். லேப்டாப்ல அவளே எழுதின ப்ரோக்ராம் அத வரையும். வெளிக் குளிருக்கு நீலக் கோடு, உள்ள இருக்கிற சூட்டுக்குச் சிவப்பு. நீலம் எவ்ளோ கீழ விழுந்தாலும், சிவப்பு மட்டும் இருவத்திரெண்டு டிகிரில, மெதுவா மூச்சு விடுற மாதிரி ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும். சில நேரம் அதப் பாத்துக்கிட்டே ஸார்யா தூங்கிருவா. கனவுலகூட அந்தக் கோடு பனிமேல நடந்து போகும், அவ பின்னாடியே போவா, அடிச்சுவடே விழாது.

வியாழக்கெழம சிவப்பு எறங்க ஆரம்பிச்சுது. பதினாறு. பதினொண்ணு. சனிக்கெழம சாயங்காலம் வெறும் நாலு டிகிரி. நீலத்த நோக்கி எறங்கிக்கிட்டே இருந்துச்சு. செத்துருச்சுங்கன்னு நெனச்சா. பூட்ஸ்கூட சரியா மாட்டாம ஓடினா.

ஆனா தொறந்தப்ப சென்சார் இருந்த சட்டம் காலியா, சுத்தமா இருந்துச்சு. பக்கத்துல இருந்ததும் அப்படித்தான். மூணாவத இழுத்தப்பதான் கை கனத்துச்சு. முழுக் கூட்டமும் அங்க உருண்டையாத் தொங்கிட்டிருந்துச்சு. அவ இழுத்த இழுப்புல அது நடுவுல பிஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்து, லேப்டாப் முன்னாடி போட்டிருந்த குளிர்க்கோட்டக்கூட கழட்டாம ஒக்காந்து, தீலனுக்குப் போன் போட்டா. பெரியம்மா பையன், இவளவிட ரெண்டு வயசு பெரியவன்.

"என்னடி, மறுபடியும் ப்ரோக்ராம் படுத்துக்கிச்சா?"

"பெட்டியத் தொறந்துட்டேன்டா."

"எந்தப் பெட்டி? பிஸ்கட் பெட்டியா?"

"சவரக்கடை."



"இந்தக் குளிர்லயா? லூசாடி நீ?"

"கோடு நாலுக்கு வந்துருச்சுடா! செத்துருச்சுன்னு..."

"அதுங்க தேன் இருக்கிற பக்கமா நகந்து போகும்டி. குளிர்காலத்துல அதான அதுங்களுக்கு வேல. நீதான எனக்கே சொல்லிக் குடுத்த?"

ஆமா, அவதான் சொன்னா. தெரிஞ்ச விஷயம்தான். கோட்டப் பாத்ததும் எல்லாம் மறந்து போச்சு.

"சரி, பெட்டியத் தட்டிப் பாத்தியா? ஒரே ஒரு தட்டு. காத வச்சா உள்ள உஸ்ஸுனு பதில் வருமே. சித்தியே அதத்தான செய்வாங்க?"

"இல்ல."

"நல்லா இருக்குடி. கம்ப்யூட்டர் வச்சிருக்கிற மேடத்துக்குக் காது எதுக்கு?"

அவ அழுறது கேட்டதும் அவன் குரல் எறங்கிருச்சு. "ஏய், அழாத. ராணித் தேனீ இருந்துச்சா? பாத்தியா?"

"பாக்கல. எதையோ நசுக்கிட்டேன் தீலன். அது ராணியா இருந்தா? இந்தக் குளிர்ல புது ராணி வராதே, மொத்தக் கூட்டமும் போயிருமே."

"ஒரு தேனீய நசுக்கிருப்ப. உள்ள பல்லாயிரம் இருக்கு." அவனுக்கே அதுல நம்பிக்க இல்லன்னு தெரிஞ்சுது.

அவன் போன வச்சதுக்கப்புறம் ஸ்கிரீனப் பாத்தா. சிவப்பு எழுந்திரிச்சிருந்துச்சு. நாலுல இருந்து பதினெட்டு, இருவத்தஞ்சு, இப்ப முப்பத்தொண்ணு. கலைஞ்ச தேனீங்க சென்சார் பக்கமெல்லாம் பரவி, ஒடம்ப ஒதறி ஒதறிச் சூடு பண்ணிட்டு இருக்குங்க. அந்தச் சூட்டுக்கு வெறகு தேன்தான். மார்ச் வரைக்கும் வச்சிருந்தத இன்னைக்கு ராத்திரியே எரிக்குதுங்க. ஜன்னலுக்கு வெளிய பனி சத்தமில்லாம எறங்குச்சு. தேனீ வீடு வெள்ளையா, தண்ணிக்கடில இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. அந்த வெள்ளைக்குள்ள எங்கயோ ஒரு சின்ன அடுப்பு. கண்ண மூடினா தேனீங்களோட இரைச்சல் அவ உள்ளங்கைக்குள்ளயே கேட்டுச்சு.

போன் மினுங்குச்சு. சித்தி. "இன்னைக்கு என் கோடு எங்க, செல்லம்? தூக்கம் வரல."

அந்த நாலு டிகிரி எறக்கம் தெரியாம கோட்ட வெட்டி அனுப்பலாமான்னு யோசிச்சா. விரல் வரல. முழுசா அனுப்பினா. பள்ளம், அப்புறம் அந்த ஏத்தம், எல்லாத்தையும்.

பதில் வர ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்குள்ள கோடு இன்னும் அரை டிகிரி ஏறியிருந்துச்சு.

"தொறந்துட்டியா?"

"ஆமா சித்தி."



"சரி. இப்ப இதுக்கு மட்டும் பதில் சொல்லு. உள்ள ராணி இருக்காளா?"