தொம் மாப்பிள்ளை

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே விமானத்தை ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்று துணை விமானி ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் கேப்டனாக உட்கார்ந்திருந்தவர் அவன் மனைவியின் அண்ணன்.

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. பக்கக் காற்று பலமாக அடித்த ஒரு நாள் இவன் விமானத்தைக் கொஞ்சம் ஓங்கித் தரையில் வைத்துவிட்டான். எந்த விமானிக்கும் நடப்பதுதான். மச்சான் அதை அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையில், மாமனார் மாமியார், பிள்ளைகுட்டிகள் எல்லார் முன்னாலும், "மாப்ள எப்படி இறக்கினார் தெரியுமா? தொம்!" என்று உள்ளங்கையால் மேஜையை ஓங்கி அறைந்து காட்டினார். டம்ளர் கவிழ்ந்தது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தன. அன்றிலிருந்து இவன் 'தொம் மாப்பிள்ளை'. கட்டிய மனைவிகூட ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினான். 'மச்சான்' போய் 'கேப்டன்' வந்தது. மச்சானும் லேசுப்பட்டவரா என்ன, அவர் பதிலுக்குத் தொண்டையைக் கனைப்பதோடு சரி.

அன்றைக்கும் அப்படித்தான் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். ஓடுபாதை எதிரே தெரிந்தது.

"சக்கரம்," என்றார் கேப்டன்.

இவன் பிடியைக் கீழே தள்ளினான். மூன்று சக்கரத்துக்கும் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். ஒன்றுகூட எரியவில்லை. மேலே தூக்கி மறுபடி தள்ளினான். ம்ஹூம்.

"இறங்கலை, கேப்டன்."

பின்னால் பதினேழு பேர். கேப்டன் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு, "நீங்க ஓட்டுங்க, நான் பம்ப் அடிக்கிறேன்," என்று தன் சீட்டுப் பக்கம் தரையில் படுத்திருந்த கைப்பிடியை நிமிர்த்தினார். எண்ணெயை அழுத்திச் சக்கரங்களைக் கீழே தள்ள, இப்படி ஒரு நாளுக்காகவே வைத்திருக்கும் கைப்பம்பு அது. விமானம் ஊரைச் சுற்றத் தொடங்க, அவர் மூச்சு வாங்க வாங்க அடித்தார்.

விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே வெறும் திரைதான். முன் சீட்டு அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னய்யா பண்றீங்க?" என்றாள்.

"சக்கரத்துக்குக் காத்தடிக்கிறேம்மா."

"புறப்படறதுக்கு முன்னாடியே அடிச்சிருக்கக் கூடாதா?" என்று முனகிக்கொண்டே அவள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

முன் சக்கரத்துக்குப் பச்சை வந்தது. பிறகு வலது. கடைசியாக, வருவேனா மாட்டேனா என்று இடது. அப்பாடா என்று கேப்டன் கையை எடுத்தார். இடது விளக்கு அணைந்தது. அடித்தார், எரிந்தது. விட்டார், அணைந்தது.

"எங்கேயோ எண்ணெய் ஒழுகுது. நான் அடிக்கிற வரைக்கும்தான் இடது சக்கரத்தோட கால் நிக்கும். ஓங்கி இறங்கினா அதுவும் மடங்கிடும்," என்றார். "இறக்க வேண்டியது நீங்கதான்."

உலகத்தில் எத்தனையோ விமானிகள் இருக்க, மெத்தென்று இறக்க வேண்டிய நாளில் தொம் மாப்பிள்ளையா? பூட்டி வைத்திருந்த சொல் தானாக வெளியே வந்தது.

"மச்சான்... என்னால முடியுமா?"

அவர் பம்ப் அடிப்பதை நிறுத்தவில்லை. "முடியாத ஆளுக்கா என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தோம்? வலது சக்கரத்தை முதல்ல வைங்க மாப்ள. இடதைத் தாங்குற வரைக்கும் தூக்கியே வைங்க. மத்ததை நான் அடிச்சுக்கிறேன்."

இவன் அதற்குப் பிறகு எதையும் யோசிக்கவில்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவன் மாதிரி, மூச்சை அடக்கி, வலது சக்கரத்தைத் தரையில் வைத்தான். இடது இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடியே விமானத்தை ஓடவிட்டான். இனி தாங்காது என்றபோது அதையும் மெல்லக் கீழே விட்டான். கால் மடங்கவில்லை. மூக்கு இறங்கியது, வேகம் குறைந்தது, விமானம் நின்றது. இன்ஜினை அணைத்தான். தயாராக நின்ற மெக்கானிக் ஓடி வந்து இடது கால் மடங்காதபடி பூட்டு ஊசியைச் செருகிவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

மச்சான் குனிந்த தலை நிமிராமல், அந்த ஒற்றை விளக்கையே பார்த்தபடி இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், போதும். ஊசி போட்டாச்சு."

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "எப்ப தரையைத் தொட்டுச்சு?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள். முன் சீட்டு அம்மா மட்டும், "நல்லாத்தான் காத்தடிச்சிருக்கீங்க," என்று பாராட்டிவிட்டு இறங்கினாள்.

அன்று மாலை அதே சாப்பாட்டு மேஜை. மச்சானின் உள்ளங்கை கொப்புளம் கண்டு கட்டுப் போட்டிருந்தது. அவர் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, இறங்குகிற கட்டத்துக்கு வந்தார். அண்ணன் கையைத் தூக்கியதும் தங்கை பழக்க தோஷத்தில் டம்ளரை நகர்த்தி வைத்தாள். பிள்ளைகள் தொம் சத்தத்துக்காகக் காத்திருந்தன.

அந்தக் கட்டுப் போட்ட கை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் மேஜையில் படுத்தது.

"இப்படி," என்றார் மச்சான்.