டீ ஜாயிண்ட் யார் வீட்டுச் சொத்து?

ரோஸ்விதாவின் தையல் அறைக் கூரையில் முதலில் ஒரு மஞ்சள் கறை வந்தது. காப்பித் தட்டு அளவுதான். கொஞ்ச நாளில் அது சாப்பாட்டுத் தட்டு அளவானது. அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. கொலோன் நகரத்தில் பிறந்து வளர்ந்து, காலி ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று பழகிய பெண்மணி என்ன செய்வாள்? கீழே ஒரு வாளியை வைத்தாள். உட்கார்ந்து குடியிருப்பு நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதினாள். "தங்கள் புகார் கிடைத்தது. பிப்ரவரி மாத உரிமையாளர் கூட்டத்தில் ஆறாவது பொருளாக எடுத்துக்கொள்ளப்படும்" என்று பதில் வந்தது. அதுவரைக்கும் தண்ணீர் பொறுக்குமா? பொறுக்காது. தண்ணீருக்கு என்ன, அது ஜெர்மானியத் தண்ணீராகவே இருந்தாலும் கடிதம் படிக்கத் தெரியாதே.

அந்த அறையில் சும்மா துணிமணி தொங்கவில்லை. 'தக்கைப் படை' என்று ஒரு திருவிழாச் சங்கம். கார்னிவல் திங்கட்கிழமை ஊர்வலத்தில் மிட்டாய் வீசிக்கொண்டு போகிற கூட்டம். வெள்ளைக் கோட்டு, சிவப்பு வெல்வெட் காலர், கையில் சிவப்புப் பட்டி, மார்பில் பொன் சரிகை. போன கோடையிலிருந்து ரோஸ்விதா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்த இருபத்தாறு கோட்டுகள் அங்கே தொங்கின, தொங்கவிட வீட்டில் வேறு இடம் கிடையாது. ஊர்வலத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஒரு கோட்டில் ஈரம் பட்டால் வெல்வெட்டின் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிடும். இருபத்தாறும் போனால் சங்கம் போகும், அவள் பேரும் போகும், கொலோனில் திருவிழாத் தையல்காரி என்று அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரி, குழாயை மூடினால் தீர்ந்தது, இல்லையா? அங்கேதான் வேடிக்கை. ஒழுகியது சுவருக்குள்ளே. மேல்வீட்டு ஹார்ட்முட் நல்ல மனுஷன், தன் குளியலறை வால்வைச் சுற்றி மூடிப் பார்த்தார். சொட்டு நிற்கவில்லை. ஓட்டை வால்வுக்கும் முன்னாலே இருந்தது. நிலவறையில் இருக்கும் மெயின் வால்வை மூடினால்தான் நிற்கும். அந்த வால்வின் சக்கரத்துக்கு மேலே ஒரு தகடு: 'நிர்வாகத்தின் அனுமதியின்றித் தொடக் கூடாது.' தகடு இருக்கிறதே! தகடு இருந்தால் இந்த ஊரில் நெருப்பே பிடித்தாலும் முதலில் தகட்டைத்தான் படிப்பார்கள்.

கூட்டம் சனிக்கிழமை மத்தியானம், மூலைக் கடை பீர் விடுதியின் பின்னறையில். ரோஸ்விதா தங்கை மார்லீஸை வாளிகளோடு வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

தலைவர் நாற்காலியில் டாக்டர் வீகண்ட். கட்டடத்தின் உச்சி மாடிக்காரர். எதற்கு டாக்டர் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் காலிங்பெல்லில் போட்டிருக்கிறது, அது போதும். பக்கத்தில் நிர்வாகி ஹோல்ட்காம்ப், தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர். இந்த வீகண்டேதான் தக்கைப் படையின் கட்டியக்காரர், ஊர்வலத்தில் முன்னால் கோல் பிடித்து நடப்பவர். அவருடைய கோட்டில் சரிகை இரட்டை வரிசை. "என்னோடது மத்தவங்க கோட்டோட நசுங்கக் கூடாது. தனியா, அந்தச் சுவர்க் கொக்கியில மாட்டுங்க. உங்களத் தவிர வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று ஆர்டர் போட்டிருந்தார். நல்ல கொக்கிதான். குழாய்ச் சுவரில் அடித்த கொக்கி.

இரண்டாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தது. நடையில் சைக்கிளைச் சாய்க்கலாமா? சாய்த்தால் பெடல் சுவர் பக்கமா, வெளிப் பக்கமா? ஆளுக்கொரு கருத்து. ரோஸ்விதாவின் போன் மணியடித்தது.

"அக்கா, வாளி பத்தல. சட்டி, குண்டான் எல்லாம் வெச்சுட்டேன். இப்ப சொட்டல, ஊத்துது!"

ரோஸ்விதா கையைத் தூக்கினாள். "ஐயா, என் வீட்டுல தண்ணி கொட்டுது. மெயின் வால்வ மூட அனுமதி குடுத்தீங்கன்னா நான் ஓடிப்போய் மூடிட்டு வந்துடுவேன்."

"அது ஆறாவது பொருள்ம்மா," என்றார் டாக்டர், ரொம்ப அன்பாக. "நாம இன்னும் ரெண்டாவதுல இருக்கோம்."

"முன்னாடி எடுத்துக்கலாமே?"

"எடுத்துக்கலாம். அதுக்கு நிகழ்ச்சி நிரல மாத்தணும். மாத்தணும்னா தீர்மானம் வேணும். தீர்மானம் வேணும்னா அது நிரல்ல இருக்கணும்."

ஹோல்ட்காம்ப் தலையாட்டினார். ஹார்ட்முட், "பாவம்யா, பாத்து செய்யுங்க" என்று பீருக்குள் முணுமுணுத்தார். ரோஸ்விதா உட்கார்ந்துவிட்டாள். அதைச் சொல்லுங்கள்! உட்கார்ந்தாளே, அதுதான் எனக்கு ஆத்திரம். கையில் ஊசி பிடித்தால் புலி, கூட்டத்தில் கை தூக்கினால் பூனை.

பெடல் சுவர் பக்கம் என்று முடிவானது. குப்பைத் தொட்டி மூடி, மரத்து இலை, யாரோ படியில் வைத்த பூட்ஸ் எல்லாம் கடந்து ஒருவழியாக ஆறாவது பொருள் வந்தது. டாக்டர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். 'குழாய்ப் பணிச் சொற்களும் அவற்றின் பொருளும்: உரிமையாளர் பார்வைக்கு.' மனுஷன் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"சொல்லுக்கு அர்த்தம் தெரியாம பொறுப்ப எப்படிப் பிரிக்கிறது?" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "ஒன்று, மேலேறும் குழாய். நிலவறையிலிருந்து எல்லா மாடிக்கும் நீர் கொண்டுசெல்லும் நெடுங்குழாய். பொதுச் சொத்து. இரண்டு, கிளைக்குழாய். அதிலிருந்து பிரிந்து ஒரு வீட்டுக்குள் போவது. தனிச் சொத்து. மூன்று, வால்வு. நீரை விடவும் நிறுத்தவும் உதவும் கருவி."

"அந்தக் கருவியத்தான் மூடச் சொல்றேன்," என்றாள் ரோஸ்விதா.

"வரிசையா வருவோம்மா. நான்கு, எல்போ. குழாய் திரும்பும் இடத்தில் போடும் முழங்கைத் துண்டு. ஐந்து, வாஷர். இரண்டு துண்டுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஆறு, சைஃபன். கழுவுதொட்டிக்கு அடியில் வளைந்து, கொஞ்சம் நீரைத் தேக்கி, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது."

"சைஃபன் ஒழுகலையே, அது எதுக்கு?" என்று ஹார்ட்முட் கேட்டார்.

"முழுமைக்கு."

"ஓஹோ," என்றார் ஹார்ட்முட். "சரி சரி, முழுமையாவே மூழ்கிடுவோம்."

ஏழாவதுதான் வில்லங்கம். டீ ஜாயிண்ட். நெடுங்குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்தில் மாட்டும் மூன்று வாய்த் துண்டு. ஓட்டை அதில்தான் என்று எல்லாருக்கும் ஒரு யூகம். அந்தத் துண்டு பொதுவா, தனியா?

"மேல் வாயும் கீழ் வாயும் நெடுங்குழாயப் பாத்திருக்கு. அதனால பொது," என்றார் டாக்டர். "மூணாவது வாய் ஹார்ட்முட் வீட்டப் பாத்திருக்கு. அதனால தனி. ஆக, எந்த வாய் ஒழுகுதுன்னு தெரியாம தீர்மானம் போட முடியாது."

"சுவர ஒடச்சுப் பாத்தாத் தெரிஞ்சுடும்," என்றார் ஹார்ட்முட்.

"ஒடைக்கலாம். சுவர் யாருது?"

அடடா, அப்படிப் போடு! சுவரின் உள்பக்கம் பொது, பூச்சு தனி, பூச்சுக்கு மேல் ஒட்டிய வால்பேப்பர் சந்தேகத்துக்குரியது. பின்னறை முழுக்க ஒரே ஆரவாரம். பரிசாரகன் கேட்காமலே பீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தான், 'போதும்' என்று காட்ட ஒருவரும் தம்ளரைத் தட்டையால் மூடவில்லை.

மறுபடி போன்.

"அக்கா, கூரைப் பூச்சு பிச்சுக்கிட்டு விழுது. கோட்டெல்லாம் அள்ளிச் சமையலறையிலயும் என் கட்டில் மேலயும் போட்டுட்டேன். அந்தக் கொக்கியில இருக்கறது மட்டும் பாக்கி, டாக்டரோடது. நான் தொடலாமா? தொட்டா கத்துவாருன்னு சொன்னியே."

ரோஸ்விதா எழுந்தே நின்றாள். "டாக்டர், ஒரு நிமிஷம். உங்க கோட்டு..."

"அம்மா!" என்று டாக்டர் கையால் காற்றை வெட்டினார். "தனிப்பட்ட விஷயம் நிரல்ல இல்ல. அத 'இதர விஷயங்கள்'ல எடுத்துக்கலாம், பதினொண்ணாவது பொருள்."

"இப்பவே சொல்லணும், தண்ணி..."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. மீசைக்குக் கீழே அவர் சிரித்த சிரிப்பையும், ஹோல்ட்காம்ப் ஆட்டிய தலையையும், மேசையில் கிடந்த சைஃபன் விளக்கத்தையும் ஒரு தடவை பார்த்தாள். கோடை முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது எதற்கு, இந்தத் தலையாட்டி பொம்மைகளுக்கா? போனில் சொன்னாள்:

"மார்லீஸ், அதத் தொடாத. நடைமுறைப்படி நடக்கட்டும்."

தலைக்கு மேல வெள்ளம் போனா சாணென்ன முழமென்ன? மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். விடுதி வாசலில், நடந்து போகிறவர்களுக்கான சிக்னலில் சிவப்பு மனிதன் எரிந்தான். ரோஸ்விதா நிற்காமல் கடந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கிழவர், "சிவப்பு, சிவப்பு!" என்று கத்தினார். "தெரியும்!" என்று திருப்பிக் கத்தினாள். நிலவறைக்கு இறங்கினாள். தகட்டைப் படிக்கவில்லை. சக்கரத்தை இறுகச் சுற்றி மூடினாள். அப்புறம் நடு நட்டைக் கழற்றி, அந்தச் சிவப்புச் சக்கரத்தை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பை கனத்தது. ஆனால் நல்லா இருந்தது, ரொம்ப நல்லா இருந்தது.

வீட்டில் ஒழுக்கு மெல்ல நின்றது. இருபத்தைந்து கோட்டும் சொட்டு ஈரமில்லை. கொக்கியில் இருந்ததை மட்டும் ஒரு தடவை பார்த்தாள், அப்படியே விட்டாள். திரும்பக் கூட்டத்துக்குப் போய், ஒரு பீர் வாங்கிக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாவது வாயைப் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. சரிக்குச் சரி. ஆராய ஒரு குழு போட்டார்கள். தெளிவான சொற்பொருள் விளக்கத்துக்காக டாக்டருக்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. ரோஸ்விதாவும் கை தூக்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் திருவிழாச் சங்கங்களின் பாட்டும் கேலியுமான அரங்க நிகழ்ச்சி. எல்லாரும் குளித்துச் சவரம் செய்து சீவிச் சிங்காரித்துப் போக வேண்டிய நாள். வீட்டுக்குப் போனார்கள், வயிறு நிறைய பீரோடு. கொஞ்ச நேரத்தில் மாடி மாடியாகக் கதவுகள் திறந்தன. முதலில் வந்து இவள் கதவைத் தட்டியவர் டாக்டர் வீகண்ட்தான். குளியல் அங்கி, ஒரு கன்னத்தில் சவர நுரை, கையில் கத்தி.

"தண்ணி வரலம்மா!"

"அடடா," என்றாள் ரோஸ்விதா. "எதுல வரல? மேலேறும் குழாயிலயா, கிளைக்குழாயிலயா?"

"வெளையாடாதீங்க! கீழ வால்வு மூடியிருக்கு. சக்கரத்தக் காணோம்!"

"அப்படியா? சக்கரம்னா என்னங்க? உங்க தாள்ல அதுக்கு அர்த்தம் போடலையே. பொதுவா, தனியா?"

அவள் கைப்பையின் வாயில் சிவப்பு எட்டிப் பார்த்தது. டாக்டர் பார்த்துவிட்டார்.

"குடுங்க அத. இது சட்டப்படி குத்தம்."

"குத்தந்தான். அடுத்த கூட்டத்துல பொருளா வெச்சுக்கோங்க. மூணு வாரம் முன்கூட்டியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், மறந்துடாதீங்க."

பின்னால் படிக்கட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. பாதிப் பேருக்கு அவசரம், யாருக்கு என்ன அவசரம் என்று முகத்திலேயே தெரிந்தது. "யோவ், எந்த வாயா இருந்தா என்ன, பிளம்பரக் கூப்பிடுய்யா!" என்று ஹார்ட்முட் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். ஹோல்ட்காம்ப் தலையாட்டவில்லை. அப்போதே போனை எடுத்தார்.

பிளம்பர் வந்தான். சுவரை இடித்தான், பழைய டீ ஜாயிண்டை அறுத்து எறிந்தான், புதுசு போட்டான். சுவர் யாருடையது, பூச்சு யாருடையது என்று ஒரு பிறவியும் கேட்கவில்லை. ரோஸ்விதா சக்கரத்தைக் கொடுத்தாள், தண்ணீர் வந்தது, ஏழு மாடிக் குழாயும் ஒரே நேரத்தில் கனைத்தது.

எல்லாரும் கலைந்த பிறகு டாக்டர் மட்டும் நின்றார். நுரை கன்னத்தில் காய்ந்துபோயிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது.

"அம்மா... மத்தியானம் என் கோட்டப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஆமாங்க. பதினொண்ணாவது பொருள்னு சொன்னீங்க."

அவள் உள்ளே போய் அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வெல்வெட்டின் சிவப்பு மொத்தமும் வெள்ளையில் இறங்கியிருந்தது. காலரிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரே இளஞ்சிவப்பு, அதுவும் திட்டுத் திட்டாக. டாக்டர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வேற ஒண்ணு..."

"ஒன்பது நாள்ல அந்தச் சரிகைக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க?"

கார்னிவல் திங்கட்கிழமை தக்கைப் படை தெருவில் இறங்கியது. இருபத்தைந்து பேர் பளிச்சென்று வெள்ளையும் சிவப்புமாக. அவர்களுக்கு முன்னால், கோலைப் பிடித்துக்கொண்டு, ரோஜாப்பூ நிறத்தில் டாக்டர் வீகண்ட். கொலோன் ஜனம் இருக்கிறதே, அதற்குக் காரணமே தேவையில்லை சிரிக்க. "கோமாளி வர்றான் டோய்!" என்று தெரு முழுக்கக் கைதட்டல். அவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகக் கரகோஷம். வாயை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்தபடி நடந்தார்.

ரோஸ்விதா சாலையோரம் மார்லீஸோடு நின்றிருந்தாள். கழுத்தில் ஒரு சிவப்பு நாடா, அதில் பிளம்பர் அறுத்து எறிந்த அந்தப் பழைய டீ ஜாயிண்ட் தொங்கியது, திருவிழாப் பதக்கம் போல. டாக்டர் அருகில் வந்தபோது அதைத் தூக்கிக் காட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"டாக்டரய்யா! இது யாருது?"