சம்பந்தி முன்னால் வலிக்காது

எனக்கு வலி தாங்காது. இதை மறைத்துப் பயனில்லை. வலங்கைமானை அடுத்த எங்கள் ஊரில் இராஜாங்கம் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். வரப்பில் நடக்கும்போது எனக்கு முள் தைத்தால் அடுத்த வயலில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். ஊசி போட்டால் மருந்து உள்ளே இறங்கும் முன்பே கத்தி முடித்திருப்பேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றபோது தான் போட்ட சத்தத்தைவிட, ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கியதற்கு நான் போட்ட சத்தம் அதிகம் என்று என் மனைவி செந்தாமரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அதனால்தான் வைகாசிக் கடைசியில் மேல்வயிறு வலிக்கிறது என்று நான் உருண்டபோது வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. செந்தாமரை ஒரு தம்ளர் ஓமத்தண்ணீரை வைத்துவிட்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் கத்தினேன். பிறகு கண் மஞ்சளாகியது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி, பித்தம் இறங்கும் குழாயில் சிக்கியிருந்தது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஏறுமே, அதே கதைதான். வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுக் கல்லை எடுத்துவிடலாம், பித்தம் தடையில்லாமல் இறங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பிறகு நிதானமாக இன்னொன்றும் சொன்னார்.

"ஐயா, பித்தக்குழாயும் கணையத்தோட குழாயும் ஒரே வாசல்லதான் வந்து சேருது. அங்க கை வைக்கறதால சில பேருக்குக் கணையம் வீங்கிடும். எல்லாருக்கும் வராது. வந்தா, விட்டுட்டா உசுருக்கே ஆபத்து. வயிறு வலிச்சா உடனே சொல்லணும். பொறுத்துக்கவே கூடாது."

செந்தாமரை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இவரா பொறுத்துக்கப் போறாரு? கவலையே படாதீங்க டாக்டரம்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்."

மறுநாள் காலையில் மயக்க மருந்து கொடுத்து வேலையை முடித்தார்கள். விழித்தபோது வார்டில் இருந்தேன். தொண்டை கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான். கல் வந்துவிட்டது, நாங்கள் சொல்லும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சனியன் வேறு பக்கமாக வந்தது. எங்கள் மகள் கயல்விழிக்குச் சீர்காழியில் சம்பந்தம் பேசி நிச்சயமும் முடிந்திருந்தது, ஆவணியில் கல்யாணம். சம்பந்தி முருகையன் அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை டிராக்டர் சக்கரம் காலில் ஏறியபோது, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தானே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவராம். பெண் பார்க்க வந்த அன்றே அவர் மனைவி அகிலாண்டம் இதைச் சொன்னார். அன்றைக்கே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும்.

"சம்பந்தி வீட்ல பாக்க வராங்களாம்" என்றாள் செந்தாமரை, என் போர்வையைச் சரிசெய்தபடி. "இன்னிக்கு ஒரு நாளாவது கத்தாம இருங்க. புள்ளையோட மானம் இருக்கு." சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கீழே போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் விலாவுக்குக் கீழே ஒரு வலி கிளம்பி முதுகு வரை துளைத்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கதவும் திறந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையுமாக முருகையன், பின்னால் ஃபிளாஸ்குடன் அகிலாண்டம். திறந்த வாயை, "வாங்க சம்பந்தி" என்று சொல்லி மூடினேன்.

"வலி ஏதும் இருக்கா சம்பந்தி?"

"வலியா? சேச்சே. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். முருகையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க சிஸ்டர்" என்றேன். முருகையன் மெதுவாகத் தலையை ஆட்டினார். ஒரு வீரனை இன்னொரு வீரன் ஒப்புக்கொள்கிற தலையாட்டல். எனக்கு அப்படி ஒன்று அதுவரை கிடைத்ததே இல்லை.

நர்ஸ் போனதும் அகிலாண்டம் ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றி நீட்டினார். சம்பந்தியம்மா கையால் கொடுப்பதை வேண்டாம் என்றால் கல்யாணம் வரை அதுவே பேச்சாக இருக்கும். குடித்தேன். முழுசாக.

முருகையன் மேட்டூர் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கடைமடைக்கு எப்போது வந்து சேருமோ என்பது அவர் கவலை. நான் தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் குனிந்து "உம்" கொட்டினேன். வலியில் ஃபேன் இரண்டாகத் தெரிந்தது. செத்துப்போய்விடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக வராத வீரம் அன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது.

செந்தாமரை மருந்துப் பையுடன் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்ல தாமரை. நல்லாத்தான் இருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து என் வாயிலிருந்து அவள் கேட்டே இராத வாக்கியம் அது. அவள் முகம் வெளுத்தது. பையைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். யாரிடமும் குரல் உயர்த்தாதவள், அந்த மாடியே அதிரக் கத்தினாள்.

"டாக்டரம்மா! இவரு கத்த மாட்டேங்கறாரு! ஓடி வாங்க, இவரு கத்தாம இருக்காரு!"

நான் அவளைத் தடுக்கக் கையைத் தூக்கினேன். கை பட்டு, முருகையன் குடிக்காமல் வைத்திருந்த காபி முழுவதும் அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. டிராக்டர் ஏறியபோதும் சொல்லாத "அய்யோ"வை அவர் அப்போது சொன்னார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கணையம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏறியது. இரண்டு நாள் வரை, பிழைப்பேனா என்பதே சந்தேகமாக இருந்தது. கத்த முழு உரிமை இருந்தது, தெம்புதான் இல்லை. நேரத்தோடு தெரிந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். செந்தாமரையை ஒருமுறை உள்ளே விட்டபோது என் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே கத்தாதீங்கன்னு சொன்னேன்" என்று அழுதாள். நடிக்கப் போனது நான், அழுவது அவள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவள் மேல் சொல்ல முடியாத பாசமாகவும் இருந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். உள்ளே வைத்த குழாயை எடுக்க இன்னொரு முறை போக வேண்டும். வயிற்றில் வலி இல்லை. ஆனால் நான் சும்மா இருந்தால் செந்தாமரைக்கு ஆகவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் ஈரக் கையோடு ஓடி வந்து, "வலிக்குதா? உண்மையச் சொல்லுங்க" என்று முகத்தையே பார்க்கிறாள். மத்தியானம் பக்கத்தில் படுத்தாலும் கண் மூடாமல் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால் சாப்பிட்டுப் படுத்ததும் ஆரம்பித்துவிடுகிறேன். அய்யோ இடுப்பு, அம்மாடி முட்டி, இந்தக் கொசுக்கடியைக் கேட்பார் இல்லையா. "தொடங்கிட்டாரு" என்று அலுத்துக்கொண்டு அவள் திரும்பிப் படுக்கிறாள். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. அவள் குறட்டை கேட்கும்வரை முனகிக்கொண்டிருக்கிறேன்.