புண் ஆறட்டும்

என் அக்கா செல்வநாயகியோடு வாதாடி வென்றவர் உடுப்பிட்டியில் எவரும் இல்லை. அவள் புருஷன் மார்க்கண்டு அத்தான் கலியாணம் கட்டிய மறுநாளே அந்த முயற்சியைக் கைவிட்டவர். அதனால்தான் எழுபத்தைந்து வயது வரை நிம்மதியாக இருக்கிறார் என்று நான் பகிடி பண்ணியதுண்டு.

யுத்தம் நடந்த தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் அவருக்குக் குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டது. மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் காரில் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்வித்தோம். ஷெல்லடியில் காயப்பட்டவர்கள் தரையிலும் கிடந்ததால் அத்தானைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிக்கிடும்போது டொக்டர் அக்காவிடம் சொன்னார்:

"அம்மா, வெட்டித் தைக்கிறது என்ரை வேலை. பொருத்திறது அவரின்ரை உடம்பு. அதிலை இப்ப எலும்பும் தோலும்தான் மிச்சம். முட்டை, மீன் எண்டு நல்லாக் குடுங்கோ. இல்லாட்டித் தையல் விட்டிடும்."

"ஓம் ஐயா, ஓம்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ஏறியது அரிசிக் கஞ்சி. பிறகு குழைசாதமும் மிளகுரசமும். மீன், முட்டை, நண்டு எல்லாம் கிரந்தி, புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் என்பது எங்கள் அம்மா காலத்து நம்பிக்கை. டொக்டர் சொன்னதும் அது போய்விடுமா?

நான் சண்டை பிடித்தேன். "அக்கா, அந்த மனிசன் காத்தடிச்சா விழுந்திடுவார். ஒரு முட்டையாவது அவிச்சுக் குடு."

"பச்சைப் புண்ணோடை கிடக்கிறவருக்கு முட்டையோ? பூரணம், நீ என்ரை தாலியை அறுக்கப் பாக்கிறியோ?"

நான் கொண்டுபோய்க் கொடுத்த முட்டைகளெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயின. அக்கா கெட்டவள் இல்லை. வேப்பிலை அவித்த தண்ணீரில் அவர் உடம்பைத் துடைத்துவிட்டாள். அவருக்குக் கொடுக்காத எதையும் தானும் தொடவில்லை. இவ்வளவு அன்பையும் வைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு மனிதரைப் பட்டினி போடலாமா?

ஒருநாள் அத்தான் மெல்லிய குரலில், "செல்வம், தொண்டைமானாத்து நண்டுக் கறி எண்டா ரெண்டு வாய் தின்னுவன்" என்றார்.

"புண் ஆறட்டும். நானே காய்ச்சித் தாறன்."

புண் ஆறவில்லை. அத்தானால் எழும்பி உட்காரவும் முடியாமல் போனது. படுத்தபடியே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. இருமினார், தையல் விட்டது. திரும்பவும் அதே காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியைக் காணுமுன்பே அவர் கண்ணை மூடிவிட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா, "ஒரு கிரந்தியும் அவரின்ரை வாயிலை பட விடேல்லையே, பிறகேன் இப்பிடி நடந்தது?" என்று கேட்டு அழுதாள். எனக்கு வாய் துருதுருத்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியட்டும், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

எட்டுச் செலவன்று செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்போம். அக்கா யாரையும் அடுப்படிக்குள் விடாமல் தானே நண்டு காய்ச்சினாள், மீன் பொரித்தாள். வாழையிலையில் சோற்றைப் போட்டு, அத்தானுக்குப் பல் இல்லை என்று நண்டுக்காலை உடைத்துச் சதையை எடுத்து வைத்தாள். அவித்த முட்டையைக் கையில் எடுத்தவள் வைக்காமல் நின்றாள்.

"பூரணம், இதையும் வைக்கலாமோ? அவருக்கு இன்னும் புண் ஆறேல்லையே."

முட்டையைப் பிடித்திருந்த அவள் கையை இலைப் பக்கம் நகர்த்தினேன்.

"வை அக்கா" என்றேன். "இனி ஒண்டும் செய்யாது."