ஜீப்பிலிருந்தே பார்த்த பள்ளம்

தூறல் விடவில்லை. கான்ட்ராக்டர் சுப்புராஜின் ஜீப் பாச்சலூர்ப் பாதையில் நின்றதும், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஞானவேல் ஒரு காலை வெளியே நீட்டினார். புல் நுனியில் அட்டை நெளிவதைக் கண்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

மலைச்சாலை வேலைக்காக அங்கே இரண்டு வருடம் சரளை வெட்டியிருந்தார் சுப்புராஜ். மூன்று ஆள் ஆழம். வேலை முடிந்தபின் மண் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, பழையபடி தரையாக்கித் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதைப் பார்த்துச் சான்று எழுதத்தான் ஞானவேல் வந்திருந்தார்.

"எதுக்கு சார் அட்டைக்கடி? இங்கேருந்தே தெரியுதுல்ல, பலகை கணக்கா கெடக்கு" என்றார் சுப்புராஜ்.

உண்மைதான். பள்ளம் இருந்த இடம் சமதளமாக, பச்சைப் புல் பதித்துக் கிடந்தது. ஆனால் பக்கத்துக் குடிசையிலிருந்து சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் இருளாயி.

"ஐயா, ஒரு எட்டு எறங்கி மிதிச்சுப் பாத்துட்டுப் போங்கய்யா."

"ஒனக்கு இங்க என்ன சோலி? போ அங்கிட்டு" என்று அதட்டினார் சுப்புராஜ்.

ஞானவேல் முழங்காலில் ஃபைலை வைத்து, 'பள்ளம் முழுமையாக நிரப்பப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியம் சுப்புராஜ் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. புறப்படும்போது பிள்ளைகளுக்கென்று ஒரு கூடை கமலா ஆரஞ்சு. காசுக்குக் கைநீட்டும் ஆளில்லை அவர். அந்தப் பெருமையோடு வீடு திரும்பினார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, பண்ணைக்காட்டில் அவருடைய அலுவலக வாசலில் நனைந்துபோய் நின்றாள் இருளாயி.

"ரெண்டு நாளாக் கொட்டுதுங்க. எங்க வாசல்ல மொழங்கால் தண்ணி. அந்தத் தரையில மட்டும் ஒரு சொட்டு நிக்கல. அம்புட்டுத் தண்ணியும் எங்கய்யா போகுது?"

ஞானவேலின் பேனா நின்றது.

"மண்ணு லாரியில நாலே நடைதான் வந்துச்சு. அதுக்கு அடியில பூராவும் வெட்டுன மரக்கொப்பும் காப்பித் தூரும். ராவெல்லாம் உள்ள என்னமோ இடியிற சத்தம் கேக்குது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்றதுக்குத்தானுங்க எறங்கச் சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள். "வர்ற வெள்ளிக்கெழம அங்கதான் சந்த கூடுதாம். சர்க்காரே நல்ல தரைன்னு எழுதிக் குடுத்திருக்குன்னு தண்டோராப் போட்டுட்டாங்க."

வியாழக்கிழமை ஞானவேல் தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் கையெழுத்தே தமக்கு எதிராக நிற்குமே என்று நினைத்து அதைக் கிழித்துப் போட்டார்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வெள்ளனே கால்கள் அவரை அங்கே கொண்டுபோய் விட்டன. மழை ஓய்ந்து, மஞ்சு தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. ஓரமாக மிளகு மூட்டைகளும் வாழைத்தார்களும் இறங்கிக்கொண்டிருந்தன. முதல் தடவையாக அந்தத் தரையில் காலை வைத்தார். வைக்கோல் போரின் மேல் ஏறியதுபோல் அமுங்கியது.

"எல்லாரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவரின் தோளில் ஒரு கை விழுந்தது. சுப்புராஜ்.

"தாராளமாச் சொல்லுங்க சார். நல்லா இருக்குன்னு எழுதுனது யாருன்னும் சேத்தே சொல்லிருங்க" என்றார் மெதுவாக.

வேலை போனால், தை மாதம் வைத்திருக்கும் மகளின் கல்யாணம் என்ன ஆகும்? ஞானவேல் வாயை மூடிக்கொண்டார். ஒரு வெற்றிலை போடும் நேரம்தான் மூடியிருந்தார்.

அதற்குள் பொதிக்குதிரைக்காரர் ஆண்டிச்சாமி, காப்பி மூட்டை ஏற்றிய குதிரையை நடுத்தரைக்கு ஓட்டிவந்தார். குதிரை நின்றுவிட்டது. காதை விறைத்துக்கொண்டு, அடுத்த அடி வைக்க மறுத்தது. "ஏலே, நடடா வெரசா" என்று அதன் கழுத்தைத் தட்டினார் ஆண்டிச்சாமி.

"வேண்டாம்! போகாதீங்க!" என்று ஞானவேல் கத்தினார்.

பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். புல்தரை நடுவில் மடங்கி உள்ளே போயிற்று. குதிரையும் மூட்டையும் மனிதரும் ஒன்றாக மறைந்தார்கள்.

கயிறு கட்டி ஆண்டிச்சாமியை மேலே தூக்கினார்கள். மூட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கிய வலதுகால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. உள்ளேயிருந்து குதிரை வெகுநேரம் கனைத்தது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

"பேய்மழை, யாரு என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தார் சுப்புராஜ்.

ஞானவேல் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். "மழை இல்ல. இந்தப் பள்ளத்த இவரு மூடவேயில்ல. நான் எறங்கிப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கு வந்தும் பயந்துபோய் வாயத் தெறக்கல."

இருளாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "தெறந்து கெடந்த வரைக்கும் ஆடு மாடுகூட வெலகித்தாங்க போச்சு. ஒங்க காயிதத்த நம்பித்தான் சனம் வந்துச்சு."

மறுநாள் தாசில்தார் முன்னால் ஞானவேல் தம் வாக்குமூலத்தை எழுதி வைத்தார். படித்துப் பார்த்த தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சுப்புராஜ் மேல நடவடிக்கை எடுத்துடலாம். நீங்க காசு வாங்கினதா யாரும் சொல்லலையே, ஞானவேல்? நீங்க நடந்து பார்த்தப்போ தரை கெட்டியா இருந்துச்சு, அப்புறம் மழையில இறங்கிடுச்சுன்னு மாத்தி எழுதுங்க. வேலையாவது மிஞ்சும்."

தாசில்தார் திருப்பி நீட்டிய காகிதத்தை ஞானவேல் தொடவில்லை.

"காசு வாங்கினாத்தான் தப்புன்னு நானும் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன் சார். பாக்காமப் போட்ட ஒரு கையெழுத்து மனுஷன் காலை வாங்கிடுச்சு. நாம பார்த்திருப்போம்னு நம்பித்தான் ஜனங்க கண்ணை மூடிக்கிட்டுக் கால வைக்கிறாங்க. அந்த நம்பிக்கைக்குத் துரோகம் பண்றவன் லஞ்சம் வாங்குறவனைவிட மோசமானவன். நான் எழுதினது அப்படியே இருக்கட்டும்."