கல் யார் கையிலோ

மண்வெட்டிக் காம்பால் டான்ஸி இரண்டாவது அடியையும் போட்டாள். முதல் அடி தோளில் விழுந்தது. இது முதுகில். ஹார்லன் அசையவே இல்லை. எண்பதைத் தொடப்போகிற கிழவருக்கு அந்தப் பிடி எங்கிருந்துதான் வந்ததோ! லெஸ்டரின் கழுத்தை இரண்டு கைகளாலும் நெரித்தபடி, வெட்டி வைத்திருந்த குழியின் விளிம்புக்கே தள்ளிக்கொண்டு போயிருந்தார்.

"விடுங்க ஹார்லன்! செத்துடுவாரு!"

"சாகட்டும். குழி ரெடியாத்தானே இருக்கு? வெண்டலுக்கு வேற தோண்டிக்கலாம்."

லெஸ்டரின் ஊன்றுகோல் எங்கோ புல்லில் கிடந்தது. உடைந்த மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவருடைய வெள்ளைச் சட்டையின் பாதியை நனைத்திருந்தது. கண்கள் பிதுங்கின. சுற்றி நின்ற கிழவர்களும் கிழவிகளும் ஒரு காலத்தில் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் பூச்செருகியவர்கள். இப்போது ஒரு கழுத்து நெரிபடுவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டான்ஸி மண்வெட்டியை வீசினாள். செம்மரத்தின் அடியில் இருந்த சவப்பெட்டியை நோக்கி ஓடினாள். மூடியின் மேலிருந்த கல்லை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"கல் என் கையில!"

ஹார்லனின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

பழக்கம் அப்படி. அறுபதுகளின் கடைசியில் வீட்டை விட்டு, கல்லூரியை விட்டு, போரை விட்டு இந்தக் காட்டுக்கு ஓடி வந்த கூட்டம் அது. ஒன்றாகச் சமைத்தார்கள், ஒன்றாகப் பிள்ளை வளர்த்தார்கள், மாலையில் வட்டமாக உட்கார்ந்து கவிதை சொன்னார்கள். எல்லாச் சட்டத்தையும் எரித்துவிட்டு ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டார்கள். கல் யார் கையிலோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. கல்லைப் பிடித்துக்கொண்டு பொய்யும் சொல்லக் கூடாது. பிறகு நிலத்தில் பாதி கைமாறியது, வந்த பேருந்து துருப்பிடித்தது, சிலர் வீட்டுமனை வியாபாரத்துக்குப் போய்ப் பெருத்தார்கள். அந்தச் சட்டத்தை மட்டும் யாரும் மீறியதில்லை.

"வெண்டல் கடைசியா கேட்டது இது ஒண்ணுதான்," என்றாள் டான்ஸி. அப்பா என்று அவள் கூப்பிட்டதே இல்லை. அது சொத்துக்காரன் வார்த்தை என்று சின்ன வயதிலேயே தடுத்துவிட்டார்கள். "'லெஸ்டரைக் கூப்பிடு. என்னை மண்ணுல போடுறதுக்கு முன்னாடி இந்தக் கல்லை அவன் கையில குடு'ன்னாரு. ஏன்னு கேட்டேன். சொல்லல. மூச்சு நின்னுடுச்சு. நான் வாக்குக் குடுத்திருக்கேன். கல் அவர் கைக்குப் போகணும். அதுக்கப்புறம் நீங்க யாரைக் கொன்னாலும் நான் குறுக்க வரமாட்டேன்."

ஹார்லன் எழுந்து கையை நீட்டினார். அவள் கல்லைக் கொடுத்தாள்.

"என் தங்கச்சிக்குப் பத்தொன்பது வயசு," என்றார் ஹார்லன். "மார்னி. இவன் தடி அவ மண்டையைப் பொளந்துச்சு. வெண்டலுக்குச் சாகிற நேரத்துல புத்தி பேதலிச்சிடுச்சா? இவன் கையில போய்க் கல்லா?"

அங்கே எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம். போருக்கு ஆளெடுக்கும் அலுவலகத்தின் முன்னால் ஊர்வலம், கண்ணீர்ப் புகை, கல்வீச்சு. புகை விலகியபோது மார்னி தெருவில் கிடந்தாள். அவள் தலைமாட்டில் தடியோடு நின்ற போலீஸ்காரன் லெஸ்டர். சாட்சி போதாது என்று விசாரணை அவரை விட்டது. வெண்டலின் கவிதை விடவில்லை. மாணவர் விடுதிச் சுவர்களில், சட்டைகளில், மதுக்கடைக் கழிப்பறைகளில்கூட அது எழுதப்பட்டது. அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒருநாள் ஹார்லன் இரும்புக் கம்பியோடு லெஸ்டர் வீட்டுக் கதவை உடைத்தார். லெஸ்டரின் முழங்கால் நொறுங்கியது. குறுக்கே விழுந்த மனைவிக்கு ஒரு கண் போனது. ஹார்லன் தன் இளமை முழுவதையும் சிறையில் கழித்தார்.

"சரி," என்றார் ஹார்லன், எச்சிலைத் துப்பிவிட்டு. "வெண்டல் சொன்னா சொன்னதுதான். ஆனா முதல்ல கவிதை. இவன் நின்னு கேக்கணும். அப்புறம் என் பக்கத்துல உக்காரட்டும். கழுத்து கைக்கு எட்டுற தூரத்துல."

லெஸ்டர் ஊன்றுகோலைத் தேடிப் பிடித்து எழுந்தார். "நின்னா முட்டி வலிக்கும். உங்க கைவண்ணம்தான். பரவால்ல, நிக்கிறேன்."

"கல் இல்லாம பேசக் கூடாதுய்யா!" என்று சீறினாள் ஓப்பல் கிழவி.

"நீ மட்டும் இப்ப என்ன பண்ணுறே?" என்றார் அவளுக்குப் பின்னாலிருந்து ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு எல்லோருமாகச் சொன்னார்கள். பல் போன வாய்களிலிருந்து அந்த இளம் வரிகள் புறப்பட்டன. காது மந்தமான ஓப்பல் அரை வரி பின்னாலேயே வந்தாள்.

*அவர்கள் தடி கறுப்பு,*
*அவள் கூந்தல் மஞ்சள்.*
*இரண்டும் தொட்ட இடத்தில்*
*எங்கள் தலைமுறை பிறந்தது.*

டான்ஸியின் உதடுகளும் அசைந்தன. தாலாட்டுக்குப் பதில் அவள் கேட்டு வளர்ந்தது இதைத்தான். வெண்டல் இதை எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறார். கூட்டம் அழுதிருக்கிறது, எழுந்து கத்தியிருக்கிறது. ஆனால் இந்த வட்டத்தில், கல் தன் கைக்கு வந்தபோது, அவர் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. மழையைப் பற்றி ஒரு வரி, கோழியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுச் சட்டென்று அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹார்லன் கல்லைத் தன் வலப்பக்கம் கொடுத்தார். அது ஒவ்வொரு கையாக நகர்ந்தது. ஆளுக்கொரு வரி. ஒருவர் வெண்டலின் தாடியைச் சொன்னார். ஒருவர் அவர் அவித்த பயறு வேகவே வேகாது என்றார். சுற்றி முடிந்து டான்ஸியிடம் வந்தது.

கல் என்று பெயர்தானே தவிர அது வெண்டல் எங்கிருந்தோ கொண்டுவந்த உடைந்த சிமென்ட் துண்டு. ஒரு பக்கம் மட்டும் மங்கிய மஞ்சள். இது ஏன் இப்படி என்று சின்ன வயதில் கேட்டதற்கு, சூரியன் நக்கிவிட்டது என்றார் வெண்டல்.

கையில் கல்லோடு பொய் சொல்லக் கூடாது. டான்ஸி ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்.

"அப்பா."

பிறகு கல்லை லெஸ்டரின் மடியில் வைத்தாள். வாக்கு முடிந்தது. லெஸ்டருக்கு அந்தப் பக்கம் ஹார்லன் இரண்டு கைகளையும் தொடை மேல் விரித்துத் தயாராக வைத்திருந்தார்.

லெஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கல்லைத் திருப்பினார். கட்டைவிரல் மஞ்சளில் போய் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

"இது எங்க கிடைச்சுது?"

கல் அவர் கையில். யாரும் பதில் சொல்ல முடியாது.

"அந்தப் பொண்ணு தலைக் காயத்துல மஞ்சப் பெயிண்ட் துணுக்கு இருந்துச்சுன்னு டாக்டர் எழுதினாரு," என்றார் லெஸ்டர் மெதுவாக. "என் தடி கறுப்பு. உங்க பாட்டுலயே இருக்கே. எனக்குக் குறி வச்சு ஒரு கல்லு வந்துச்சு. நான் குனிஞ்சேன். பின்னால அவ நின்னா. மஞ்சப் பெயிண்ட் அடிச்ச நடைபாதை ஓரத்துல உடைச்ச கல்லு, ஒரு பக்கம் மஞ்சள்னு விசாரணையில தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அந்தக் கல்லைக் காட்டுன்னாங்க. அந்தத் தெரு பூரா முட்டி போட்டுத் தேடினேன். அப்ப முட்டி இருந்துச்சு."

ஒரு காகம் கத்திவிட்டு ஓய்ந்தது.

"எறிஞ்சவன் ஓடி வந்தான். அவ பக்கத்துல மண்டி போட்டு அழுதான். எந்திரிச்சுப் போறப்ப எதையோ கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டான். ஒரு தாடிக்காரன். எல்லாருமே அன்னிக்குத் தாடிதான். யாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவர் பார்வை சவப்பெட்டியில் போய் நின்றது.

கல் வலப்பக்கமாகத்தான் போகவேண்டும். லெஸ்டர் அதை நீட்டினார். ஹார்லனின் கைகள் தொடை மேல் விரித்தபடியே கிடந்தன.

கல் இன்னும் லெஸ்டரின் கையில்தான் இருந்தது.