ஒன்பதாவது வரியில் ஜெயக்கொடி

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகையில் ஒருவர் பெயரை எப்படி அச்சடிக்கிறார்களோ, கல்யாணம் முடியும்வரை அவர் அப்படியேதான் இருப்பார். போன தையில் மாவு மில்காரர் பெயரில் மை இழுகிவிட்டது. பத்து நாள் இழுகிய முகத்தோடுதான் அவர் மில்லைத் திறந்தார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயக்கொடி பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

அவள் தம்பி அருண்பாண்டிக்குக் கல்யாணம். பெண் நிவேதிகா சென்னையில் ஃபேஷன் இதழ் ஒன்றுக்கு அட்டை வடிவமைப்பவள். அந்த அட்டைக்குப் போடும் அச்செழுத்தையே கல்யாணப் பத்திரிகைக்கும் போட்டாள். 'மெல்லிடை' என்று பெயர். நிற்கிற கோடெல்லாம் தூண் மாதிரி தடிமன். படுக்கிற கோடெல்லாம் தலைமுடி மாதிரி மெலிசு. கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் மணமக்கள் பெயர் அந்த எழுத்தில் இடுப்பை ஒடித்து நின்றது. சொந்தபந்தமெல்லாம் கடைசிப் பக்கத்தில் சாதாரண எழுத்தில்.

பத்திரிகை மாதிரியைப் பார்த்த அன்றைக்கு ஜெயக்கொடி போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளி எங்களுக்கே கேட்டது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் நன்றாகவே கேட்டது.

“நேத்து வந்தவளுக்கு ஒரு எழுத்து, கூடப் பொறந்தவளுக்கு ஒரு எழுத்தா? அவ எழுத்துலதான் எம்பேரும் இருக்கணும்.”

“அக்கா, அது தலைப்புக்குன்னே செஞ்ச எழுத்துக்கா.”

“அப்ப நான் என்ன வாலா?”

போட்டார்கள். எழுத்தைக் கேட்டவள் அளவைக் கேட்க மறந்துவிட்டாள். ஒன்பதாவது வரியில், எறும்பு உயரத்தில், மெல்லிடையில் ஜெயக்கொடி. அந்த அளவில் மெல்லிய கோடுகள் அச்சில் விழவே இல்லை.

மறுநாள் காலை அவளுக்குப் புருவம் இல்லை. உதடும் இல்லை. சேலைக் கரையைக் காணோம். மூக்கு, பின்னல், கால்கள் மட்டும் முன்னைவிடத் தடியாக நின்றன. உதடு போனாலும் பேச்சு குறையவில்லை. குறைந்திருந்தால் தெருவே மொட்டை போட்டிருக்கும். கையைத் தொங்கவிட்டால் கை இருந்தது. நீட்டினால் மறைந்தது.

அங்கேதான் வினை. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. கையை நீட்டாமல் முடிச்சு போட முடியாது.

சித்தி மகள் சாந்தசீலா ஆறுதல் சொல்ல வந்தாள். வரும்போதே நகத்தை வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“கவலப்படாதீங்கக்கா. முடிச்ச நான் போட்டுர்றேன்.”

“ஒஞ்சேலைக் கொசுவமே அஞ்சு ஊக்குலதான் நிக்கிது. நீ முடிச்சு போட வந்துட்டியாக்கும்?”

ஜெயக்கொடி அச்சகத்துக்குக் கிளம்பினாள். துணைக்கு நாங்கள் நாலு பேர் போனோம். வேடிக்கை பார்க்க அல்ல.

அச்சகத்தின் நடை பத்தடிதான். நாங்கள் பத்தடி நடந்ததும் இருபதடி ஆகியிருந்தது. காலையில் நுழைந்தோம், சாப்பாட்டு நேரத்தில் மேசை வந்தது. மேசைக்குப் பின்னால் அச்சகக்காரர் தெய்வசிகாமணி.

“நீங்க இருக்கீங்கன்னு ஒரு ஃபாரம் எழுதிக் குடுங்க.”

“கண்ணு முன்னாடிதானய்யா நிக்கிறேன்?”

“நிக்கிறது தெரியிது. மத்ததுதான் தெரியல.”

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு குச்சிதான் விழுந்தது.

“இது கையெழுத்து இல்லம்மா. வேலி.”

“ஒழுங்கா அச்சடிக்கத் துப்பில்ல, எங்கையெழுத்தக் கொறை சொல்றியா?”

“நீங்க ஆறு பாயிண்டு அளவுல இருக்கீங்க. மெல்லிடை முப்பத்தாறுக்குக் கீழ தாங்காது.”

“அப்ப ஏத்து.”

“ஏத்துனா தலைப்பாயிருவீங்க. ஒரு பத்திரிகைக்கு ஒரு தலைப்புத்தான்.”

“நான் ரெண்டா கேட்டேன்?”

அவர் யோசித்தார். அதற்குள் நடை இன்னும் கொஞ்சம் நீண்டது.

“தலைப்பச் சுத்தி வெள்ளை எடம் விடணும். அதுல யாரும் காலு வைக்கக் கூடாது. சம்மதமா?”

“எவ வந்து என்னை ஒரசப் போறா? அடிய்யா.”

புதுப் பத்திரிகை வந்தது. அட்டை முழுக்க ஜெயக்கொடி. மணமக்கள் ஒன்பதாவது வரிக்கு இறங்கினார்கள்.

முகூர்த்தத்தன்று மண்டபத்துக் கூரையைக் கழற்றி வைத்தார்கள். ஜெயக்கொடி தரையிலிருந்து தென்னை உயரத்துக்கு நின்றாள். புருவம் திரும்ப வந்திருந்தது, எட்டு முழத்துக்கு. உள்ளதைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தாள். நாங்கள் அதை அவளிடம் சொல்லவில்லை. சுற்றி நாற்பதடிக்கு நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். வெள்ளை இடத்துக்கு அப்பால் மணவறை. அங்கே புரோகிதர் மணமக்களைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வெற்றிலை மேல் கண்டுபிடித்தார்.

“அக்கா, பாத்து...” என்று வெற்றிலையிலிருந்து தம்பி குரல் வந்தது.

“பாத்துட்டுத்தான் இருக்கேன். நீ நிமிந்து நில்லுடா.”

முதல் முடிச்சு விழுந்ததாகச் சொன்னார்கள். ஜெயக்கொடி கையை நீட்டினாள். கை மறையவில்லை. துணி காயப்போடும் கம்பி மாதிரி மெலிந்து, வெள்ளை இடத்தைத் தாண்டிப்போய், இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டது. சாந்தசீலா கடிக்க நகமில்லாமல் நின்றாள். முடிச்சுக்குள் பெண் இருந்தாளா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பந்தி ஆரம்பித்தது. முதல் பந்தி எழுந்தது. இரண்டாவதும் எழுந்தது. நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வெள்ளை இடத்தின் ஓரத்துக்கு வந்தோம். தெய்வசிகாமணி கயிறு கட்டிக் காவல் நின்றார்.

மேலிருந்து ஜெயக்கொடி குரல் இடித்தது.

“கூடப் பொறந்தவன் கல்யாணம். சாப்புட வான்னு ஒரு வார்த்த கூப்புட நாதியில்ல, பாத்தீங்களா?”

“சாப்புட வாங்க ஜெயக்கொடி!” என்று நாற்பதடி தள்ளி நின்று நாலு பேரும் கத்தினோம்.

“மொறையா பக்கத்துல வந்து கூப்புடுங்க,” என்றாள்.